அடி கேட்காத தந்தி

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. எட்டு வருஷம் ஆகியும் அது போகவில்லை. என் அப்பாவோடு எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரத்தை அவர் தொலைத்தாரா, நானே தொலைத்தேனா என்று இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் அவர் மேல் தப்பு என்று தோன்றும். மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது என் மேல்தான் என்று தோன்றும். இப்போதெல்லாம் இரண்டையும் யோசிக்க அலுப்பாக இருக்கிறது. எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் எங்கள் இன்னிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். நான் பாடினேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கோயில் திருவிழா என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பக்கமெல்லாம் போவோம். வார நாட்களில் எல்லாருக்கும் வேறு பிழைப்பு. நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டினார். குழுவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்குமே அவர் அண்ணாதான்.

சினிமாப் பாட்டு என்றால் வயலின் வேண்டும். எங்கள் குழுவில் வயலின் கிடையாது. கீபோர்டில் ஒரு வயலின் சத்தம் இருந்தது, அது அண்ணாவுக்கு ஆகாது. "அது வயலின் இல்லம்மா, வயலினுக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு" என்பார். அதனால் பாட்டில் வயலின் வரும் இடத்தையெல்லாம் அவரே கிட்டாரில் வாசித்தார்.

எப்படி என்று ஒரு ஒத்திகையின்போது எனக்குக் காட்டினார். கிட்டார் தந்தியைத் தட்டினால் முதலில் 'டங்' என்று ஓர் அடி கேட்கும். அதற்குப் பிறகு சத்தம் தேய்ந்துகொண்டே போகும். வயலினில் அந்த அடி கிடையாது. வில் தேய்க்கத் தேய்க்கத் தொடக்கம் தெரியாமல் சத்தம் வளரும். அண்ணா செய்ததெல்லாம் அந்த அடியை ஒளித்ததுதான். கிட்டாரின் உடம்பில் வால்யூம் திருகு இருக்கிறது. அதில் வலது கைச் சுண்டுவிரலை வளைத்து வைத்துக்கொண்டு, வால்யூமைச் சுத்தமாக மூடிவிட்டுத் தந்தியைத் தட்டுவார். டங் யாருக்கும் கேட்காது. தட்டிய கையோடு சுண்டுவிரல் திருகைத் திறக்கும். மறைவிலிருந்து சத்தம் மெல்ல எழும்பி வரும். அது சீக்கிரம் அடங்கிவிடாமல் இருக்கக் காலடியில் இரண்டு பெடல்கள். ஒன்று சத்தத்தைக் கொஞ்சம் முறுக்கேற்றி நீட்டிப் பிடிக்கும். இன்னொன்று எதிரொலி கொடுத்து ஒரு சுரத்தின் முடிவை அடுத்த சுரத்தோடு ஒட்டவைக்கும். இடது கைவிரல் தந்தியின் மேல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ வயலின் வாசிக்கிறார்கள் என்றுதான் சொல்வீர்கள்.

"இதுல ஒரே கஷ்டம், தாளத்துக்கு அரை நொடி முந்தித் தட்டணும்மா. சத்தம் லேட்டாத்தான் போய்ச் சேரும்" என்றார்.

ஒருமுறை நீலசந்திராவில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் மாமா நேரே மேடைக்கு வந்து எங்கள் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். "வயலின் வாசிக்கிறவர ஏன் சார் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்க? பாவம், மனுஷன் இவ்ளோ நல்லா வாசிக்கிறாரு" என்றார். மேனேஜர் அண்ணாவைக் காட்டினார். மாமா அவரையும் கிட்டாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளையாடாதீங்க சார்" என்று திரைக்குப் பின்னால் போய்த் தேடினார். அங்கே ஐஸ்கிரீம் டப்பாக்கள்தான் இருந்தன. அண்ணாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புகூட உடனே வரவில்லை. நாங்கள் அடுத்த பாட்டின் சரணத்துக்குப் போன பிறகுதான் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

இன்னொரு முறை திருகு பழசாகித் திறக்கும்போதெல்லாம் கரகரவென்றது. புதுத் திருகு வாங்க எஸ்.பி. ரோடுக்குப் போனார். எனக்கு மைக் ஒயர் வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். புத்தி கெட்டுப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரர் ஒரு டப்பா திருகுகளை முன்னால் கொட்டினார். அண்ணா ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் உருட்டிப் பார்த்தார். "இது பேடா குரு, வேணாம். படக்குனு தெறக்குது." அடுத்தது. "இது ஸ்வல்பம் பரவால்ல, ஆனா பாதிக்கு மேல ஓடுது." முக்கால் மணி நேரம். எனக்குக் கால் விட்டுப் போயிற்று. கடைக்காரர், "ரேடியோக்கெல்லாம் இதேதான் சார் போடறாங்க" என்று அலுத்துக்கொண்டார். "அந்த ரேடியோ கேக்கறவங்கள நெனச்சா பாவமா இருக்குது" என்றார் அண்ணா, கண்ணைத் திறக்காமலே.

கிட்டாரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷனே அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்ட மாட்டார். யாராவது பார்க்கும் வரை வாசலில் நிற்பார். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. கொஞ்ச நேரம் மூச்சு கேட்கும், பிறகு "சாப்ட்டியா?" என்று எங்கேயோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஆரம்பிப்பார். அவர் வேனை எடுத்தால் எப்போது கிளம்பியது என்றே தெரியாது. தூங்கிக்கொண்டு வரும் கம்பெனிப் பிள்ளைகள் ஆபீஸ் வாசலில்தான் விழிப்பார்களாம்.

கெட்ட செய்தி சொல்வதென்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் கீபோர்டுக்காரரை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுவதென்று மேனேஜர் முடிவு செய்து, அதைச் சொல்கிற வேலையை அண்ணாவிடம் கொடுத்தார். அண்ணா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். முதல் வாரம் கீபோர்டுக்காரரின் இடுப்பு வலியை விசாரித்தார். இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு இருப்பது எவ்வளவு நல்லது என்றார். மூன்றாவது வாரம் கீபோர்டுக்காரரே வந்து, "அண்ணா, நான் கொஞ்ச நாள் நின்னுக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டார். அண்ணா வருத்தத்தோடு சம்மதித்தார்.

ரிதம் பேட் வாசிக்கும் சேகரின் பைக்கை மண்டப வாசலிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போனபோதும் அண்ணாதான் முதலில் பார்த்தார். உள்ளே வந்து சேகர் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் வண்டி மைலேஜே குடுக்கலன்னு சொல்லிட்டிருந்தல்ல?" என்றார். சேகர் பத்து நிமிஷம் மைலேஜ் பற்றிப் பேசினான். அதற்குள் பைக் ஓசூரைத் தாண்டியிருக்கும்.

அன்றையிலிருந்து சேகர் ஒரு விதி வைத்தான். "அண்ணா இன்னா சொன்னாலும் ரெண்டால பெருக்கிக்கணும்" என்பான். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் அவர் பேச்சைப் புரிந்துகொண்டோம். யோசிக்கலாம் என்றால் கிடையாது. கொஞ்சம் லேட்டாகும் என்றால் வரப்போவதில்லை. லேசா ஜுரம் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் கூடச் சிரித்திருக்கிறார்.

ஏன் இப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கிற பேச்சே பிடிக்காது. எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்தவர், எதையும் போட்டு உடைக்கிற ஆள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் அவரிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது முகம் சிவந்துதான் போவார்கள். என் முதல் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது பாட்டுல மூச்சு வாங்குச்சு, பாக்கியெல்லாம் சரி" என்றார். அந்த வாய்தான் எனக்கும். அதனால் அண்ணாவிடம் நேராகவே கேட்டேன். அவர் வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டு, "தெரியலம்மா. டங்குனு கேட்டா யாரோ என் கன்னத்துல அறஞ்ச மாதிரி இருக்குது. மத்தவங்களுக்கும் அப்படித்தான இருக்கும்?" என்றார். எனக்கு அப்படி இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஈஜிபுராவில் ஒரு கல்யாணம், மதியச் சாப்பாட்டு நேரத்துக் கச்சேரி. நான் குடியிருந்த வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. பாடும்போது என் போன் அண்ணாவிடம் இருக்கும். கிட்டார் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வார். நான் ஒரு பாட்டை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து ஊவென்று ஒரு கூச்சல் கிளம்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் அண்ணாவின் கிட்டார் நாற்காலியில் கிடக்கிறது, வால்யூம் முழுசாகத் திறந்தபடி. அவர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். மைக்கைக் கையால் மூடினார்.

"அப்பா சீரியஸ்ஸா இருக்காரும்மா. கெளம்பு."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் 'சீரியஸ்' என்று போன் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஊரில் தாத்தா போனபோது அம்மாவுக்கு வந்த செய்தி, சீரியஸ். பெரியப்பா போனபோது எனக்கு வந்த செய்தி, சீரியஸ். வெளியூரில் இருக்கிறவர்கள் வழியில் மயங்கி விழக் கூடாது என்று அப்படிச் சொல்வார்கள். கேட்கிறவர்களும் மறு கேள்வி கேட்காமல் அழுதுகொண்டே பஸ் ஏறுவார்கள். உண்மையிலேயே உயிரோடு போராடிக்கொண்டிருந்தால் அதற்கு என்ன சொல்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

அதிலும் சொன்னது அண்ணா. நான் ரெண்டால் பெருக்கிக்கொண்டேன்.

"எப்பண்ணா?" என்றேன்.

"இப்பத்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து உன் தம்பி போன் பண்ணான்."

அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் மணப்பெண் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். நான் அழுதேன். யாரோ காபி கொடுத்தார்கள். அண்ணா வாசலில் நின்று, "போய்டலாம்மா, போய்டலாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் போனை என் கையில் கொடுத்துவிட்டு, வேனை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் நான் எழுந்தேன்.

"வீட்டுக்குப் போய்ப் புடவை மாத்திக்கிட்டுப் போலாம்ணா."

"புடவை கெடக்குதும்மா. மொதல்ல போய்ச் சேரலாம்."

"இந்தப் பட்டும் பூவுமா எப்படிண்ணா அங்க போய் நிக்கிறது? எங்க ஜனங்க என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

அந்த இரண்டு தெருவையும் அவர் பறந்தார். பள்ளத்தில் இறங்கி ஏறியதில் என் தலை கண்ணாடியில் இடித்தது. அவர் வண்டியில் நான் அடிபட்டது அந்த ஒரு தடவைதான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா?

வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து மறுபடி அழுதேன். பூவை எடுத்துப் போட்டேன். பழைய காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் வர மாட்டேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். நடுவில் போன் அடித்தது. தம்பி. அவன் வாயால் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் அணைத்துப் பையில் போட்டேன். எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை மணி நேரம் ஓடிவிட்டது.

வேனில் ஏறி, "வழியில மாலை வாங்கணும்ணா" என்றேன்.

அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். பிறகு தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் வேகமாக ஓட்டவில்லை. எப்போதும்போல் மெத்தென்று, எங்கே கிளம்பினோம் எங்கே நின்றோம் என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு போனார். சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். ஊரே ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்க வெளியே வந்திருந்தது. அந்த ஒரு மணி நேரமும் வண்டிக்குள் இரண்டு பேரும் சாவு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு இதைத்தான் அவரிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டை போட்டேன். "உசுரோட இருக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வெந்தா போயிருக்கும்?" என்றேன்.

"மொதல்ல சொன்னேனேம்மா, சீரியஸ்னு. அதானே உண்மை? நீ வீட்டுக்குள்ள போய்ட்டு வந்து மாலைன்னு சொன்ன. தம்பி உன் போனுக்குக் கூப்ட்டு விஷயத்த சொல்லிட்டான்னு நெனச்சேன். மாலைன்னு நீயே சொன்னப்புறம் நான் என்னத்தம்மா கேக்கறது?" என்றார்.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடியை ஒளிக்காமல் தட்டினார். அதை நான் ஒளித்துத் தட்டியதாகக் கேட்டுக்கொண்டேன். சரி, அதற்குப் பிறகு அவர் கேட்டிருக்கலாம் இல்லையா? நானும் தம்பியின் போனை எடுத்திருக்கலாம் இல்லையா? இப்படியே சுற்றிச் சுற்றி வந்தால் தலைவலிதான் மிச்சம்.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பூக்கடையில் வண்டியை நிறுத்தினார். பூக்காரம்மா எதற்கு என்று கேட்டாள். சாவுக்கு என்றேன். சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டின பெரிய மாலையாக எடுத்து, இலையில் சுற்றிப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக் காவல்காரரிடம் அப்பா பேரைச் சொன்னேன். இரண்டாவது மாடி என்றார். இன்னும் கீழே கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். அண்ணா பின்னால் வந்தார். வார்டு வாசலில் தம்பி இல்லை. மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நான் மாலையைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் முகமூடி. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"யாருக்கும்மா மாலை?"

எதையும் நேரே போட்டு உடைக்கிற என் வாய் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பேனோ தெரியாது. பின்னாலிருந்து அண்ணா என் கையிலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எனக்குத்தாங்க ஐயா. கச்சேரியில போட்டாங்க. உங்க பொண்ணு கையில குடுத்து வெச்சிருந்தேன்" என்றார். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சாவுக்கென்று கேட்டு வாங்கின மாலை அது. வாங்கும்போது அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குது. கழட்டாதீங்க" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். கல்யாணத்தில் என்ன இனிப்புப் போட்டார்கள் என்று கேட்டார். தம்பி மேலே வந்து மாலையோடு நிற்கிற ஆளைப் பார்த்துத் திகைத்தான். "ரெண்டு மணியிலேர்ந்து உன்னத்தான் கேட்டுட்டு இருக்காருக்கா" என்று என் காதில் சொன்னான். நர்ஸ் வந்து, "யாரு இது, மாலையெல்லாம் போட்டுக்கிட்டு?" என்று அதட்டினாள். "இருக்கட்டும்மா, அவரு ஆர்ட்டிஸ்ட்டு" என்றார் அப்பா. அண்ணா கட்டிலின் கால்மாட்டில் அசையாமல் நின்றார். வெள்ளைப் போர்வையில் ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் அப்பா என்னோடு பேசினார். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டரைக் கூப்பிடத் தம்பி ஓடினான். அப்பா என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் காதை வைத்தேன்.

"நல்ல மாலைம்மா. எனக்கும் அங்கயே வாங்கு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு காதுல விழ வேணாம். மனசு கஷ்டப்படுவாரு" என்றார். இவ்வளவு மெதுவாக அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா போய்விட்டார். மறுநாள் காலையில் அந்தக் கடைக்கே போய் வாங்கினேன்.

அண்ணாவோடு நான் சண்டை போட்டேன் என்று சொன்னேன் இல்லையா, அன்றைக்குத்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் பாடப் போகவில்லை. அவரும் மகளோடு ஓசூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். நான் கத்தி முடிக்கும் வரை எதிரில் தலை குனிந்து நின்றிருந்தார். என்னிடம் கத்துவதற்குப் பலம் தீர்ந்துபோன பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேம்மா. அந்த மாலை எனக்குப் போட்டதுன்னு உங்கப்பா நம்பிட்டாரில்ல?"

"நம்பிட்டாருண்ணா" என்றேன்.